ஏழரை நொடி முன்னால்: மேடையிலேயே எழுதப்படும் இசைக்குறிப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கலைஞர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் அடுத்த சில பார்களை, அதாவது இசைக்குறிப்பின் சிறு தாளப் பகுதிகளை, எழுதித் திரையில் காட்டும். அவர்கள் அதைப் பார்த்தபடி வாசிப்பார்கள். இந்த யோசனை புதியதல்ல. ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுஸன் 1956-இல் எழுதிய ஒரு பியானோ படைப்பில் ஒரே பெரிய தாளில் 19 துண்டுகள் இருக்கும். அடுத்து எந்தத் துண்டு என்பதை வாசிப்பவரின் கண்தான் தீர்மானிக்கும். 1961-இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஏர்ல் பிரவுன் எழுதிய படைப்பில் எந்தப் பக்கம், எந்தத் துண்டு என்பதை நடத்துநர் மேடையிலேயே காட்டுவார். 1990-களில் கெர்ஹார்ட் விங்க்லர் போன்ற இசையமைப்பாளர்கள் அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். இன்று இதற்கென்றே கருவிகள் இருக்கின்றன: பிரான்சின் லியோன் நகரத்தில் உள்ள கிராம் இசை மையத்தின் இன்ஸ்கோர், நிக் டிட்கோவ்ஸ்கியும் கியோர்க் ஹைடூவும் உருவாக்கிய மேக்ஸ்ஸ்கோர், மேக்ஸ் என்ற இசை மென்பொருளுக்குள் இயங்கும் பாக். 2015-இல் பாரிஸில் தொடங்கிய டெனர் மாநாடும் இசைக்குறிப்புத் தொழில்நுட்பத்துக்கென்றே நடக்கிறது.

இங்கே பதிவுசெய்வது சென்னையில் நடந்த ஒரு சிறிய முயற்சி. இசையமைப்பாளர் முப்பதுகளில் இருக்கும் பெண்; வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, ஒரு மிருதங்கம் ஆகியவற்றுக்குப் பதினைந்து நிமிடத்துக்குள் ஒரு படைப்பு. மிருதங்கக்காரர் மனோதர்மமாக, அதாவது எழுதிவைக்காமல் தன் கற்பனையில், வாசிப்பார். அவர் எவ்வளவு அடர்த்தியாக, எந்த நடையில் வாசிக்கிறார் என்பதைக் கம்ப்யூட்டர் கேட்டு, இசையமைப்பாளர் முன்கூட்டியே தயாரித்து வைத்த சொற்றொடர்களையும் விதிகளையும் கொண்டு தந்தி வாத்தியக்காரர்கள் நால்வருக்கும் குறிப்பு எழுதும். தாளம் மிஸ்ர சாபு, சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை. சுருதி இரண்டு கட்டை, அதாவது ‘டி’. ஸ்வரங்கள் சாருகேசியினுடையவை. ஆனால் இது சாருகேசி ராகம் இல்லை என்பதை இசையமைப்பாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவுகளை, மேற்கத்தியக் குறிப்பின் ஐந்து கோட்டில் எழுத அவர் முயலவே இல்லை. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். அந்தப் பள்ளத்தில் இறங்கியிருந்தால் மற்ற எந்த வேலையும் நடந்திருக்காது.

நால்வரும் சினிமா ஒலிப்பதிவுகளில் பல வருடம் வாசித்தவர்கள். சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வளர்ந்த தந்தி வாத்தியக்காரர்களின் பார்வை வாசிப்பு, அதாவது சைட் ரீடிங், சாதாரணமானதல்ல. காலையில் போய் உட்கார்ந்தால்தான் பார்ட், அதாவது அவரவர் வாத்தியத்துக்கான குறிப்புத் தாள், கைக்கு வரும். சற்று நேரத்தில் டேக். அதனால் இவர்களுக்கு ஒத்திகை அதிகம் வேண்டாம், இரண்டு கால்ஷீட் போதும் என்று பட்ஜெட் போடப்பட்டது. நான் ஒத்திகைகளைக் குறித்துவைத்தேன். டேப்லெட்டுகளையும் வைஃபையையும் பார்த்துக்கொள்ளும் வேலையும் என்னுடையது. நிரல் எழுதியவர் வேறொரு இளைஞர். சம்பந்தப்பட்ட எல்லாரும் சம்மதித்த பிறகே, பெயர்களை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

முதல் ஒத்திகை

ஆரம்ப வடிவத்தில் குறிப்பு வலமிருந்து இடமாக ஓடியது, டிவி செய்தியின் அடிவரி போல. வாசிக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு. ஒரு பார் கோட்டைத் தொடுவதற்குச் சற்று முன்புதான் கம்ப்யூட்டர் அதை எழுதி முடிக்கும். எழுத ஆகும் நேரம் மிகக் குறைவு என்பதால், அதைக் கடைசிக் கணம் வரை தள்ளிப்போட முடிந்தது. மிருதங்கம் ஒன்று சொன்னால் அடுத்த ஆவர்த்தனத்திலேயே, அதாவது தாளத்தின் அடுத்த சுற்றிலேயே, வயலின் பதில் சொல்ல வேண்டும் என்பது இசையமைப்பாளரின் ஆசை.

நடந்தது வேறு. நால்வரும் தப்பாக வாசிக்கவில்லை. பெரும்பாலான நோட்டுகள் சரியாகவே வந்தன. ஆனால் சத்தத்தில் உயிர் இல்லை. வில் தந்தியின் மேலேயே மிதந்தது. ஒருவரை ஒருவர் யாரும் கேட்கவில்லை. எப்போதும் தலையசைவில் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போகும் முதல் வயலின்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் அவர் சொன்னது: “நோட் எல்லாம் படிச்சிட்டேன் சார். என்ன வாசிச்சேன்னு கேட்டா தெரியாது.”

இதற்குக் காரணம் தேடுவது கடினமாக இல்லை. பார்த்து வாசிப்பவரின் கண், கைக்கு ஏறக்குறைய ஒரு நொடி முன்னால் போகிறது. தேர்ந்தவர்கள் அதற்கும் அப்பால் அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் சிவப்பு விளக்கு எரிவதற்கு முன் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தால் இன்னும் தெளிவாகும். பார்ட்டை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்ப்பார்கள். எங்கே ஸ்கேல் மாறுகிறது, எங்கே மேல் ஸ்தாயிக்குப் போகிறது, எங்கே ரிப்பீட் என்று மட்டும் கண் தேடும். பென்சிலால் இரண்டு மூன்று இடத்தில் ஒரு கோடு இழுப்பார்கள். அந்த அரை நிமிடத்தில்தான் பாதி வாசிப்பு நடந்து முடிகிறது. நாங்கள் கொடுத்த திரை அந்த அரை நிமிடத்தை முழுதாகப் பிடுங்கிக்கொண்டது. ஓடும் குறிப்பு இன்னொரு கெடுதலும் செய்தது. ஒரு பார் எங்கே இருக்கிறது என்பது நிலையாக இல்லாததால் கண் ஒரு முறை விலகினால் திரும்பிவர இடம் இல்லை. செல்லோக்காரர் இடைவேளையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார். காதுக்கு மேலே அவர் செருகி வைத்திருந்த பென்சிலுக்கு அன்று வேலையே இல்லை.

அன்று வேறு மூன்று குறைகளும் தெரிந்தன. அவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் வேகத்தைப் பற்றிப் பேசும்போது இவை கண்ணில் படாமல் போய்விடும்.

முதல் குறை நோட்டுகளின் பெயர். கம்ப்யூட்டருக்குள் எல்லாமே மிடி எண்கள். மிடி 1983-இல் சின்தசைசர்களை ஒன்றோடொன்று இணைப்பதற்காக வந்தது. அதில் ஒரு கீக்கு ஒரு எண், அவ்வளவுதான். 70 என்றால் ‘ஏ ஷார்ப்’பும் அதுதான், ‘பி ஃப்ளாட்’டும் அதுதான். ஒலியாக இரண்டும் ஒன்று. ஐந்து கோட்டில் இரண்டும் வேறு இடம். இரண்டு கட்டைச் சாருகேசியில் பஞ்சமம் ‘ஏ’, தைவதம் ‘பி ஃப்ளாட்’. நிரல் அதை ‘ஏ ஷார்ப்’ என்று எழுதியதால் பஞ்சமமும் தைவதமும் ஒரே கோட்டு இடைவெளியில், ஒன்றுக்கு ஷார்ப்பும் அடுத்ததற்கு நேச்சுரலுமாக, மாறி மாறி வந்தன. மேலே ஏறும் வடிவத்தைப் பார்த்து வாசித்துப் பழகிய கண்ணுக்கு அங்கே ஒரே இடத்தில் நிற்கும் நோட்டுகள் தெரிந்தன.

இரண்டாவது, ஏழின் பிரிப்பு. மிஸ்ர சாபு தகிட தகதிமி, மூன்று, நான்கு. நிரல் க்வேவர் என்னும் ஏழு சம அளவு நோட்டுகளையும் நான்கு, மூன்று என்று மேல்பட்டையால், அதாவது நோட்டுகளை இணைக்கும் தடித்த கோட்டால், கட்டியது. ஒலியளவில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் வாசிப்பவர் பட்டையின் முதல் நோட்டில் தன்னையறியாமல் அழுத்தம் கொடுப்பார். மிருதங்கம் ஒரு இடத்தில் அழுத்த, வயலின்கள் இன்னொரு இடத்தில் அழுத்தின. தாளம் தவறுகிறது என்று எல்லாரும் உணர்ந்தார்கள். யாருடைய தாளமும் தவறவில்லை.

மூன்றாவது, வில். ஏழு நோட்டுகளைத் தனித்தனி வில்லாக வாசித்தால் முதல் பார் கீழ்வில்லில் (வில்லை இழுத்து) தொடங்கும், அடுத்த பார் மேல்வில்லில் (வில்லைத் தள்ளி) தொடங்கும். அழுத்தம் பாருக்குப் பார் தலைகீழாகும். அச்சிட்ட பார்ட்டாக இருந்தால் முதல் வயலின்காரர் ஒரு பார்வையில் வில் குறிகளைச் சொல்லிவிடுவார், மற்றவர்கள் குறித்துக்கொள்வார்கள். அந்தக் கணத்தில் பிறக்கும் குறிப்பில் யார், எப்போது குறிப்பது?

எடுத்த முடிவுகள்

முதல் ஒத்திகைக்குப் பிறகு இசையமைப்பாளர், நிரலாளர், முதல் வயலின்காரர், நான் ஆகிய நால்வரும் உட்கார்ந்து பேசினோம். நிரலாளரின் யோசனை இன்னும் வேகமான இணைப்பு, இன்னும் பெரிய திரை. முதல் வயலின்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “திரையில வந்தது மாறக் கூடாது. வந்தா அப்படியே நிக்கணும்.” அதற்குப் பிறகு நடந்த பேச்செல்லாம் அந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

ஓடும் குறிப்பைக் கைவிட்டோம். திரையில் இரண்டு வரி, வரிக்கு நான்கு பார். கலைஞர் கீழ்வரியின் முதல் பாரை முடித்ததும் மேல்வரி மொத்தமாக மாறும். மேல்வரிக்குப் போய் அதன் முதல் பாரை முடித்ததும் கீழ்வரி மாறும். வாசித்துக்கொண்டிருக்கும் வரியில் எதுவும் அசையாது. சிவப்புக் கோடு போய், நடப்புப் பாரின் மேல் லேசான நிறம் மட்டும் வந்தது.

கணக்கு இப்படி. ஒரு பார் என்பது ஒரு ஆவர்த்தனம், ஏறக்குறைய இரண்டரை நொடி. புதிய வரி தோன்றும்போது பழைய வரியில் இன்னும் மூன்று பார் பாக்கி இருக்கும். ஆக எந்தப் புதிய வரியையும் குறைந்தது ஏழரை நொடி முன்னால் பார்த்துவிடலாம். ஏழரை என்றதும் ஒத்திகை அறையில் சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு அந்தத் தாமதத்துக்கு ‘சனி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதில் இழப்பும் உண்டு. இப்போது மிருதங்கத்தில் நடப்பதற்கு வயலினில் பதில் வர ஏழரை நொடியாவது ஆகும். வரியின் கடைசி பார் என்றால் பதினைந்து நொடி. இசையமைப்பாளருக்கு இது பெரிய அடி. பதினைந்து நொடி கழித்து வருவதை உடனுக்குடன் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குக் கிடைத்த வழிதான் இந்த முயற்சியிலேயே உருப்படியானது என்பது என் எண்ணம். எல்லா விஷயத்துக்கும் ஒரே அவகாசம் தேவையில்லை. எந்த நோட், எந்த விரல், எந்த ஸ்தானம் என்பதற்குக் கைக்கு முன்னேற்பாடு வேண்டும். சத்தம் கூட்டு, குறை என்பதற்கு வேண்டாம். நடத்துநரின் கை உயர்ந்தால் அந்த நொடியே குழு உயர்கிறதே. ஆகவே நோட்டுகளை உறைய வைத்தோம். சத்த அளவை மட்டும் திறந்து விட்டோம். திரையின் இடது ஓரத்தில் ஒரு பட்டை. மிருதங்கத்தின் வேகமும் பலமும் கூடினால் அது மேலே ஏறும், குறைந்தால் இறங்கும். அதைக் குறிபார்த்துப் படிக்க வேண்டாம், கண்ணின் ஓரத்தில் பட்டாலே போதும்.

நோட் பெயர்களுக்கு எளிய தீர்வு. மிடி எண்ணிலிருந்து ஊகிப்பதை நிறுத்திவிட்டு, ஏழு ஸ்வரங்களுக்கும் நிலையான பெயர் அட்டவணை கொடுத்தோம். எண் 70 வந்தால் எப்போதும் ‘பி ஃப்ளாட்’. பட்டைகள் எப்போதும் மூன்று, நான்கு.

வில்லுக்கு வழி சொன்னதும் முதல் வயலின்காரர்தான். தகிடவில் ‘கிட’ இரண்டையும் ஒரே வில்லில் சேர்த்துவிடு என்றார். அப்போது ‘த’ கீழ்வில், ‘கிட’ மேல்வில், அடுத்த நான்கும் கீழ், மேல், கீழ், மேல். பாருக்கு ஆறு வீச்சு. எல்லாப் பாரும் கீழ்வில்லில் தொடங்கும். தகிட, தகதிமி இரண்டின் முதல் ‘த’வும் கீழ்வில்லில் விழும். நிரலாளர் இதை விதியாக்கினார்: ஒவ்வொரு பட்டையிலும் வில்வீச்சு இரட்டைப்படையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கடைசி இரண்டு நோட்டைச் சேர்த்துக் கட்டு. பத்து வரி நிரல் இருக்கும். குழுவின் சத்தத்தில் அந்தப் பத்து வரி செய்த மாற்றம், மற்ற எல்லா நிரலும் சேர்ந்து செய்ததைவிட அதிகம். செல்லோவுக்கும் ஒரு வரம்பு போட்டோம். அடித் தந்தியிலிருந்து மேல் ஸ்தாயிக்கு ஒரே தாவலில் போகும் செமிக்வேவர்கள் (க்வேவரில் பாதி நீள நோட்டுகள்) வந்தால் இடையில் ஒரு ஓய்வு வைக்கும்.

மிருதங்கமும் திரையும்

மிருதங்கக்காரருக்கும் ஒரு டேப்லெட் வைத்திருந்தோம். ஐந்து கோடு அவருக்குப் பழக்கமில்லை என்பதால் நால்வருக்கும் வரப்போகும் லய வடிவத்தைச் சொற்கட்டாக, அதாவது வாயால் சொல்லும் தாள ஒலிகளாக, தமிழ் எழுத்தில் காட்டியது: ‘தகிட தகஜொணு’ என்பது போல. அவர் அதை ஒரு முறை பார்த்தார், அப்புறம் பார்க்கவில்லை. கேட்டதற்கு, “நான் வாசிக்கிறதைப் பார்த்து அது எழுதுது. அதைப் பார்த்து நான் வாசிக்கணுமா தம்பி?” என்றார். அந்த டேப்லெட்டை எடுத்துவிட்டோம். யாருக்குத் திரை வேண்டாம் என்று தீர்மானிப்பதும் இந்த வடிவமைப்பின் ஒரு பகுதிதான்.

பெரிய தலைவலி தாளத்தை ஒத்துப்போக வைப்பது. மிருதங்க ஒலியிலிருந்து கம்ப்யூட்டரே தாளத்தைக் கண்டுபிடிக்கும் என்பது முதல் திட்டம். சர்வலகுவாக, அதாவது தாளத்தின் ஓட்டத்தோடு சீராக, வாசிக்கும்வரை கண்டுபிடித்தது. முடிவை நோக்கிக் கணக்காகக் கட்டப்படும் கோர்வை தொடங்கியதும் குழம்பியது. மிருதங்கத்தின் அழகே தாளத்தின் அடியில் அடிக்காமல், அதைச் சுற்றி வளைத்துக் கடைசியில் சமத்தில், அதாவது சுற்றின் முதல் அடியில், வந்து சேருவதில் இருக்கிறது. அடுத்தடுத்து ஐந்து ஐந்தாக அடி விழுந்தால், கேட்கிற நிரல் தாளமே ஐந்தாகிவிட்டது என்று முடிவுசெய்கிறது. அல்லது காலப்பிரமாணம் (வேகம்) கூடிவிட்டது என்று நினைக்கிறது. இரண்டாவது ஒத்திகையில் ஒரு கோர்வையின் நடுவில் நிறப்பட்டை நால்வரின் திரையிலும் பாய்ந்து ஓடியது.

இதற்கு எடுத்த முடிவு கொஞ்சம் பழங்காலத்தனமானது. கச்சேரியில் மாணவர் ஒருவர் உட்கார்ந்து தாளம் போடுவது எல்லாருக்கும் தெரிந்ததே. மிருதங்கக்காரரின் மாணவர் ஒருவரை உட்கார வைத்தோம். வலக்கை தாளம் போடும்; ஒவ்வொரு சமத்திலும் இடக்கை ஒரு பட்டனைத் தட்டும். கடைசிச் சில தட்டல்களின் சராசரியை வைத்து அடுத்த சமம் எப்போது என்று கம்ப்யூட்டர் கணிக்கும். ஒலியைக் கேட்கும் பகுதி அடர்த்தியையும் பலத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டது. கம்ப்யூட்டர் நிகழ்ச்சியில் மனிதரை வைத்துத் தாளம் போடுவதா என்று நிரலாளருக்குச் சற்று வருத்தம். மிருதங்கக்காரருக்கு அதில் விசித்திரமாக எதுவும் தெரியவில்லை.

வலைப்பின்னலைப் பற்றிச் சுருக்கமாக. டேப்லெட்டுகள் பலவகை, பாதி கலைஞர்களுடைய சொந்தம். அதனால் தனிச் செயலி வைக்காமல் பிரவுசரிலேயே குறிப்பை வரைந்தோம். “இப்போது தொடங்கு” என்று செய்தி அனுப்பினால் ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் அது வேறு வேறு கணத்தில் போய்ச் சேரும். நிறப்பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாது. “41-ஆம் பார் இத்தனை மணி, இத்தனை நொடிக்குத் தொடங்கும்” என்று முன்கூட்டியே அனுப்பி, எல்லாக் கடிகாரங்களையும் தொடக்கத்திலேயே ஒத்துவைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. அரங்கத்தின் வைஃபையைத் தொடவில்லை. சொந்த ரவுட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில் கேபிள். கூட்டம் நிறைந்த அரங்கில் எல்லார் பையிலும் போன் இருக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் தாங்காது.

ஒவ்வொரு டேப்லெட்டுக்குப் பின்னாலும் அச்சிட்ட ஒரு தாள் வைக்கச் சொன்னது வயோலாக்காரர். திரை அணைந்தால் வாசிப்பதற்கு நான்கு பார், திரும்பத் திரும்ப. இசையமைப்பாளர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. “திரை போனா நான் சும்மா உக்காந்திருக்கணுமா மேடம்?” என்ற கேள்விக்குப் பிறகு எழுதிக் கொடுத்தார்.

மேலும் ஒரு கால்ஷீட் தேவைப்பட்டது. பட்ஜெட்டில் அது இல்லை. ஒளியமைப்புக்கு வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்தார்கள்.

நிகழ்ச்சி

சிறிய அரங்கம். பார்வையாளர்களுக்குக் குறிப்பைத் திரையிட்டுக் காட்டலாமா என்ற பேச்சு இருந்தது. இந்த வகை நிகழ்ச்சிகளில் வெளிநாட்டில் அப்படிச் செய்வதுண்டு. கலைஞர்கள் வேண்டாம் என்றார்கள். தப்பு நடந்தால் அரங்கம் முழுக்கத் தெரியும் என்பது ஒரு காரணம், ஜனங்கள் கேட்பதை விட்டுவிட்டுப் படிக்கத் தொடங்குவார்கள் என்பது இன்னொன்று. காட்டவில்லை.

முதல் பகுதி ஒத்திகையைவிட நன்றாகவே போனது. நடுப்பகுதியில் வயோலாக்காரரின் டேப்லெட் இணைப்பை இழந்தது. அவர் ஒரு பார் நிறுத்தி, டேப்லெட்டைச் சாய்த்துவிட்டு, பின்னாலிருந்த தாளுக்குப் போனார். இணைப்பு திரும்பியதும் டேப்லெட் நடப்பு வரியைக் காட்டியது. அவர் உடனே அதில் பாயவில்லை. அடுத்த வரி தொடங்கும்வரை தாளிலேயே இருந்து, அப்புறம் சேர்ந்துகொண்டார். அரங்கில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது பகுதியில் எதிர்பாராதது ஒன்று நடந்தது. ஒத்திகைகளில் மிருதங்கக்காரர் தந்தி வாத்தியங்களைத் தன் பாட்டுக்கு ஓட விட்டு வாசித்தார். மேடையில், சில சுற்றுகளுக்குப் பிறகு, தான் அடர்த்தியாக வாசித்தால் மூன்று ஆவர்த்தனம் கழித்து வயலின்கள் அடர்த்தியாகின்றன என்பதைப் பிடித்துக்கொண்டார். அதை வைத்து விளையாடத் தொடங்கினார். மூன்றாம் காலத்தில், அதாவது மிகுந்த வேகத்தில், ஒரு வீச்சு வாசிப்பார், உடனே தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தில்) ஒற்றை அடிகளாக அடங்கிவிடுவார். அவருடைய பழைய வீச்சு வயலின்களில் வந்து கொட்டும்போது அவர் அமைதியாக அடியில் நின்றிருப்பார். தாமதம் என்று நாங்கள் வருந்திய இடத்தை அவர் இடமாகவே எடுத்துக்கொண்டார். நிகழ்ச்சிக்குப் பிறகு பலரும் குறிப்பிட்டுச் சொன்னது இந்தப் பகுதியைத்தான்.

முடிவு சரியாக அமையவில்லை. திட்டப்படி மிருதங்கக்காரர் ஒரு கோர்வையை மூன்று முறை வாசித்துச் சமத்தில் முடிப்பார். அத்துடன் எல்லாம் நிற்கும். ஆனால் திரையில் ஏற்கெனவே உறைந்த பார்கள் அதற்குப் பிறகும் இருந்தன. கோர்வை வந்து இறங்கியதைக் காதில் கேட்ட முதல் வயலினும் செல்லோவும் வில்லை எடுத்தார்கள். மற்ற இருவரும் கண்ணை நம்பி அந்தப் பாரையும் அடுத்த பாரின் பாதியையும் வாசித்துவிட்டு நின்றார்கள். கைதட்டல் ஒரு கணம் தயங்கித்தான் வந்தது. இசையமைப்பாளர் அன்றிரவு பேசியதெல்லாம் அந்த ஒன்றரைப் பாரைப் பற்றி மட்டுமே.

பிறகு தெரிந்தவை

ஒவ்வொரு பாரும் திரைக்குப் போன நேரத்தோடு கோப்பில் பதிவாகியிருந்தது. அதை ஒலிப்பதிவோடு பக்கத்தில் வைத்துக் கேட்டோம். தவறுகள் சிதறிக் கிடக்கவில்லை. இரண்டு இடங்களில் குவிந்திருந்தன. ஒன்று, வரி மாறிய உடனே வரும் முதல் பார். மற்றொன்று, நீண்ட ஓய்வுக்குப் பிறகு வரும் நோட். கஷ்டமான பார்கள் என்று நாங்கள் பயந்தவற்றில் தவறு அபூர்வம். அடர்த்தியான பாரைக் கலைஞர்கள் முன்னமே பார்த்துத் தயாராகிவிடுகிறார்கள் போலும். சும்மா இருக்கும் பாரில்தான் கண் இடது ஓரப் பட்டைக்குப் போய்விடுகிறது.

நால்வரும் அந்தக் கோப்பை அச்சிட்டுத் தரச் சொன்னார்கள். தங்கள் பார்ட்டை வாசித்த பிறகே முதன்முதலாக முழுசாகப் பார்த்தார்கள். இரண்டாவது வயலின்காரர் தான் வாசித்த ஒரு பக்கத்தைக் காட்டி, இது முன்னமே கையில் இருந்திருந்தால் இன்னும் நன்றாக வாசித்திருப்பேன் என்றார். அது உண்மைதான். கொஞ்ச நேரம் யாரும் பதில் சொல்லவில்லை. எழுதி வைத்து வாசித்தால் இன்னும் நன்றாக வரக்கூடிய இசையை ஏன் அங்கேயே எழுத வேண்டும் என்பது இந்தத் துறையை விடாமல் துரத்தும் கேள்வி. மூன்றாவது பகுதிக்கு எங்களிடம் பதில் இருந்தது: மிருதங்கக்காரர் செய்ததை முன்கூட்டி எழுதிவைக்க முடியாது. முதல் பகுதிக்கு இல்லை.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

அடுத்த நிகழ்ச்சிக்கு இசையமைப்பாளர் முதல் பகுதியை முழுக்க அச்சிட்ட பார்ட்டாக ஆக்கிவிட்டார். கலைஞர்கள் பழக்கமான தாளில் தொடங்கி, குழுவின் சத்தம் கூடிவந்த பிறகு திரைக்குப் போகிறார்கள். டேப்லெட் முதல் பகுதி முழுதும் இருட்டாகவே இருக்கும். இந்த மாற்றத்தால் ஒத்திகை நேரமும் மிச்சமானது. மூன்று கால்ஷீட்டுக்குப் பதில் இரண்டே போதும் என்றாகிவிட்டது, முதலில் போட்ட கணக்கு இப்படிச் சுற்றிவளைத்துச் சரியானது.

முடிவுக்கு விதி மாறியது. மிருதங்கக்காரர் எந்தக் கோர்வையோடு முடிப்பார், அது எத்தனை ஆவர்த்தனம் என்பது முன்பே தெரியும். அதைத் தொடங்கப் போகிறார் என்றால், அதற்கு முந்தைய வரியிலேயே தாளம் போடும் மாணவர் இரண்டாவது ஒரு பட்டனைத் தட்டுவார். மாணவருக்கு அது எப்படித் தெரியும் என்று நிரலாளர் கேட்டார். குருவின் முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்றார் மாணவர். தட்டியதும் கம்ப்யூட்டர் கடைசி வரிகளைக் கோர்வையின் நீளத்துக்கு அளந்து எழுதும். சமத்துக்குப் பிறகு திரையில் எதுவும் இருக்காது. அடுத்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் ஐவரும் ஒன்றாகவே முடித்தார்கள்.

வரி மாறிய முதல் பாரில் வரும் தவறுகளைக் குறைக்க, புதிய வரியின் முதல் பாரில் எப்போதும் நான்கு நோட்டுக்கு மேல் எழுதாதே என்று வரம்பு வைத்தோம். கேட்பவருக்கு இது தெரிவதில்லை. இசையமைப்பாளருக்குத் தெரிகிறது, அவருக்குப் பிடிக்கவும் இல்லை. இன்னும் நல்ல வழி கிடைக்கும்வரை வைத்திருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு வரும் நோட்டின் சிக்கல் அப்படியே இருக்கிறது. ஓய்வுப் பார்களில் ஓரப் பட்டையை மறைத்துப் பார்த்தோம். கலைஞர்கள் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். சும்மா இருக்கும்போதுதான் அதைப் பார்க்க நேரம் கிடைக்கிறது என்பது அவர்கள் வாதம்.

இந்த மாதிரி வேலையைப் புதிதாகத் தொடங்குபவர்கள் நிரலை அனுப்பச் சொல்லிக் கேட்கிறார்கள். அனுப்புகிறோம். ஆனால் அதில் மிஸ்ர சாபுவுக்கான வில் விதி மட்டுமே இருக்கிறது. கண்ட சாபுவுக்கு அது அப்படியே செல்லாது. இரண்டு, மூன்று என்று வரும் அந்த ஐந்தில் எந்த இரண்டு நோட்டைச் சேர்ப்பது என்று முதல் வயலின்காரரும் செல்லோக்காரரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. செல்லோக்காரர் பென்சிலை எடுத்து ஒரு பழைய பார்ட்டின் முதுகில் தன் வழியை எழுதிக் கொடுத்திருக்கிறார். நிரலாளர் இரண்டையும் வைத்துச் சோதிக்கிறார்.